பெர்னீஸ் இருக்கிறாளா?

வால்டோஸ்டா, ஜார்ஜியா
ஏப்ரல் 8, 1997

டெல்மருக்கு,

நேரில் பேசினால் கத்துகிறீர்கள், போனில் பேசினால் அதைவிடக் கத்துகிறீர்கள், எதுவானாலும் இனிமேல் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்று விவாகரத்து அன்று நீதிபதி சொன்னார். இந்த மூன்று வருஷத்தில் நான் அதை மீறவில்லை. இன்று காலை இரண்டு முறை போனைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

ஈஸ்டர் லீவுக்கு உன்னிடம் வந்த ட்ரூடி திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. அவள் வந்த அன்று லெனார்ட் அவளுக்கு ஒரு முயல் வாங்கி வைத்திருந்தார். காது தொங்கும் சாம்பல் நிறக் குட்டி. பட்டன் என்று பெயர் வைத்திருக்கிறாள். குழந்தைக்கு ஒன்பது வயதாகிறது, முயலைக் கண்டதும் அள்ளி எடுத்துக் கொஞ்சுவாள் என்று நினைத்தோம். அவள் என்ன செய்தாள் தெரியுமா? மேஜையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். கூண்டைத் திறந்து அந்தக் குட்டியின் முதுகில் இரண்டு தட்டு தட்டினாள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூன்று மூச்சு விட்ட பிறகுதான் உள்ளே கையை நீட்டினாள்.

லெனார்ட் சிரித்தார். அவருக்குப் பாம்பு வளர்த்த பழக்கம் கிடையாது. எனக்கு உண்டு. கூண்டு திறந்தாலே சாப்பாடு வருகிறது என்று நினைக்கும் பிராணிக்கு, இது சாப்பாடு இல்லை, ஆள் வந்திருக்கிறேன் என்று சொல்லத்தான் கொக்கிக் கம்பியால் தட்டுவது. பெரிய பாம்பு வைத்திருக்கும் எவரும் தட்டுவார்கள். தட்டிவிட்டு மூன்று மூச்சு நிற்பது மட்டும் நம் வீட்டு வழக்கம். நீயும் நானும் பெர்னீஸுக்காக ஏற்படுத்தியது.

ஜனவரியில் பெர்னீஸை விற்றுவிட்டேன் என்று நீ கையெழுத்துப் போட்ட தாள் என்னிடம் இருக்கிறது. பதினாறு அடி மலைப்பாம்பு இருக்கும் கூரையின் கீழ் ட்ரூடி தங்கக் கூடாது என்பது கோர்ட் உத்தரவு. அந்தத் தாளை நம்பித்தான் ஈஸ்டருக்கு அனுப்பினேன். கோடையில் ஆறு வாரம் அனுப்புவதாகவும் இருக்கிறேன்.

நேராகவே கேட்கிறேன். பெர்னீஸ் இருக்கிறாளா?

ரொவீனா


லேபெல், ஃப்ளோரிடா
ஏப்ரல் 17, 1997

ரொவீனா,

உறையைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, உள்ளே நல்ல வார்த்தை ஒன்றும் இருக்காது என்று. சாப்பிட்டுவிட்டுப் பிரிக்கலாம் என்று வைத்திருந்தேன். அதுவும் ஒரு விதத்தில் நல்லதாயிற்று.

ஐந்து வயது வரைக்கும் அந்தக் குழந்தை எந்த வீட்டில் வளர்ந்தது? நீயும் நானும் ஒரு நாளைக்கு நாலு தடவை தட்டினோம், நின்றோம். பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் செய்கிறாள். நான் இன்னும் என் அப்பா மாதிரிதான் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்காருகிறேன். அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அதற்காக அவர் என் வீட்டில் ஒளிந்திருக்கிறார் என்று அர்த்தமா?

பெர்னீஸ் போய்விட்டாள். ஓகாலா பக்கத்து ஆள் ஒருவர் வந்து எடுத்துப் போனார். இதை எத்தனை முறை எழுதுவது?

இன்னொன்று. உன் புதுப் புருஷன் லெனார்ட் முயல் வாங்கித் தந்தது பெரிய மனசுதான். கம்பளம் விற்கிறவன் வீட்டில் கொறிக்கிற பிராணி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

குழந்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தோண்டித் துருவாதே. உனக்கு வருஷத்தில் நாற்பத்தைந்து வாரம் அவள் இருக்கிறாள். எனக்கு ஈஸ்டரும் அந்த ஆறு வாரமும்தான். அதையும் பிடுங்குவதற்கு ஒரு ஸ்கேல் போதும் என்று நீ நினைத்தால், நான் என்ன சொல்ல முடியும்?

கெளுத்தி மீன் இந்த வருஷம் நிறைய. தூண்டிலுக்குப் புது நரம்பு போட்டு வைத்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்.

டெல்மர்


வால்டோஸ்டா
ஏப்ரல் 27, 1997

டெல்மருக்கு,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு இரண்டு வரி. எந்தக் கேள்வியிலிருந்து நீ நழுவுகிறாயோ அந்தக் கேள்விக்குப் பக்கத்தில்தான் உன் அப்பா வருவார், மீன் வரும், தொப்பி வரும். எட்டு வருஷம் உன்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

சரி, விற்றாய். வாங்கியவர் பெயர் என்ன? தூக்க எத்தனை பேர் வந்தார்கள்? நாலடிக்கு ஓர் ஆள் என்பது நம் பாம்பு வளர்ப்போர் சங்கத்து விதி. பதினாறு அடிக்கு நாலு பேர் வேண்டும். நீ ஒன்று, பக்கத்து வீட்டு ஹாஸ்கல் இரண்டு. மற்ற இரண்டு பேர் யார்?

ஹாஸ்கலுக்கு எழுதிக் கேட்டேன். நம் கல்யாணப் பத்திரிகைக்கே பதில் போடாத மனுஷன், நாலாம் நாள் பதில் போட்டிருக்கிறார். எல்லாம் நல்லபடியாக நடந்தது, நான் கூட இருந்தேன் என்று மூன்று வரி. அவ்வளவுதான். பெர்னீஸைத் தூக்கிய ஒருத்தன், தலையைப் பிடித்தது யார் என்று சொல்லாமல் கதையை முடிப்பானா? போன தடவை கூண்டு மாற்றியபோது அவர் வாலைப் பிடித்த கதையை ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் குழந்தையைத் தோண்டவில்லை. அவளாகச் சொன்னது இது. உன் வண்டி ராத்திரி பகல் வெளியே வெயிலிலும் மழையிலும் நிற்கிறதாம். கார் ஷெட் பூட்டியே இருக்கிறதாம். "அப்பா அதுல பெயிண்ட் வெச்சிருக்காரும்மா" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் வீட்டுக்கு நீ கடைசியாக எந்த வருஷம் பெயிண்ட் அடித்தாய்?

போகட்டும். நீ சொல்வதை நம்புகிறேன் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சந்தோஷமான விஷயம் சொல்கிறேன். ட்ரூடி ஆறு வாரம் பட்டனைப் பிரிந்து இருக்க மாட்டேன் என்கிறாள். அதனால் அவனும் அவளோடு வருகிறான். இப்போது உன் வீட்டில் முயல் தின்கிற பிராணி எதுவும் இல்லையே. உனக்கு ஆட்சேபணை இருக்காது.

ரொவீனா


லேபெல்
மே 6, 1997

ரொவீனா,

முயல் வேண்டாம். காரணம் கேட்பாய், சொல்லிவிடுகிறேன்.

இங்கே வெயில் எப்படி என்று உனக்குத் தெரியும். ஜூன் மாதம் மனுஷனே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த ரோமத்தோடு அது என்ன பாடுபடும்? எதிர்வீட்டில் இரண்டு வேட்டை நாய் வாங்கியிருக்கிறார்கள், வேலியைத் தாண்டும் ஜாதி. அதோடு எனக்கு இந்த வருஷம் முழுக்க மூக்கில் ஏதோ ஒவ்வாமை. ரோமம் பட்டால் தும்மல் நிற்க மாட்டேன் என்கிறது. டாக்டரிடம் போகணும்.

குழந்தை அழுதால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். இங்கே அவளுக்கு வேறு வேலை இல்லையா? ஹாஸ்கல் வீட்டு ஓபல் அவளுக்காக வேர்க்கடலை அவிப்பதற்குப் பெரிய பாத்திரம் எடுத்து வைத்திருக்கிறாள். ஹாஸ்கலும் நீயும் கடிதம் எழுதிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம் என்று தெரியாமல் போயிற்று. அவன் வாலைப் பிடித்த கதையை நானே அவனிடம் சொல்லாதே என்று சொல்லியிருந்தேன், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

முயலை லெனார்ட் பார்த்துக்கொள்ளட்டும். அவன் வாங்கியதுதானே?

டெல்மர்


வால்டோஸ்டா
மே 14, 1997

டெல்மருக்கு,

மூக்கு.

பெர்னீஸுக்கு மாதம் நாலு முயல் இரை போட்ட ஆளின் மூக்கு அது. வாரம் தவறாமல் கை நிறைய ரோமத்தோடு வந்து அதே கையால் என் சமையலறைக் கதவைத் திறப்பாய். ஒரு தும்மல் நான் கேட்டதில்லை.

வெயிலாம், நாயாம், மூக்காம். ஒரு முயலைத் தடுக்க மூன்று காரணம் தேவைப்படுகிறது உனக்கு. நாலாவதாக ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுத மாட்டேன் என்கிறாய்.

உனக்குச் சுலபமாக ஒரு வழி சொல்கிறேன். "என் வீட்டில் பாம்பு இருக்கிறது" என்று ஒரே வரி எழுதி அனுப்பு. முயல் வராது. ட்ரூடியும் வர மாட்டாள். எழுத மனம் வரவில்லையென்றால், ஜூன் ஏழாம் தேதி சனிக்கிழமை நான் இரண்டு பேரையும் கொண்டுவந்து விடுகிறேன். முயல் இல்லாமல் குழந்தை இல்லை. இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

ரொவீனா


லேபெல்
மே 22, 1997

ரொவீனா,

முயலைக் கொண்டு வா.

டெல்மர்


லேபெல்
ஜூன் 20, 1997

ரொவீனா,

இதை ஓபல் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் நாளை ட்ரூடியையும் முயலையும் காரில் கூட்டிவந்து உன் வீட்டில் விடுவாள். நாலு வாரம் முன்னாடியே அனுப்புகிறேன் என்று கோபப்படாதே. என் கையில் அடிபட்டிருக்கிறது. படகு மோட்டார் சங்கிலியில் மாட்டிக்கொண்டது. தையல் போட்டிருக்கிறார்கள். ஒரு கையால் குழந்தைக்குச் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

இடது கையால் எழுதுவதால் எழுத்து இப்படி இருக்கிறது. ட்ரூடி நன்றாகத்தான் இருக்கிறாள். களைப்பு. அதிகம் கேள்வி கேட்காதே.

டெல்மர்


வால்டோஸ்டா
ஜூன் 25, 1997

டெல்மருக்கு,

என் குழந்தையை என்ன செய்தாய்?

வந்து நாலு நாள் ஆகிறது. அவள் பேசுவதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், படு என்றால் படுக்கிறாள், வாய் திறப்பதில்லை. பட்டனைத் தொடுவதில்லை. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். தோல் சிவந்து வெடித்திருக்கிறது. நேற்று நான் குழாயை மூடிவிட்டுக் கையைப் பிடித்தேன். "விடும்மா, இன்னும் போகல" என்றாள். இந்த நாலு நாளில் அவள் சொன்ன வார்த்தைகள் இவ்வளவுதான். என்ன போகவில்லை என்று கேட்டேன். மறுபடி குழாயைத் திறந்தாள்.

அவள் மேலே ஒரு கீறல் இல்லை. குளிப்பாட்டும்போது உச்சி முதல் பாதம் வரை பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம் உனக்கு வருகிறது, ஷெரீப்புக்குப் போகவில்லை.

ஓபலிடம் கேட்டேன். காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பினாள். வாசலில் கார்க் கண்ணாடியை இறக்கி, "அவரு உயிரோட இருக்காருன்னா அது இந்தப் பொண்ணாலதான், ரொவீனா. அதுக்கு மேல என்னைக் கேக்காதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். படகு மோட்டாரிலிருந்து ஒன்பது வயதுப் பெண் எப்படி உன்னைக் காப்பாற்றினாள், டெல்மர்? ஏரியில் நடந்ததா, ஷெட்டில் நடந்ததா?

அவளிடம் என்னவோ சத்தியம் வாங்கியிருக்கிறாய். அது அவள் தொண்டையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நீ எனக்குச் செய்ததெல்லாம் இருக்கட்டும். ஒரு குழந்தையின் வாயைக் கட்டிப்போட்டு அனுப்பியிருக்கிறாய். அந்த முடிச்சை நீதான் அவிழ்க்க வேண்டும். எழுது. இல்லையென்றால் திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போகிறேன்.

ரொவீனா


லேபெல்
ஜூன் 30, 1997

ரொவீனா,

பெர்னீஸ் இருக்கிறாள். எப்போதும் இருந்தாள்.

இதை முழுதாக எழுதி என் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் போடுகிறேன். நீ நீதிபதியிடம் கொடுக்கலாம். ட்ரூடிக்கு முதலில் ஒன்று சொல்லிவிடு. அப்பா சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார், அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் கோபப்பட மாட்டார்கள் என்று சொல். இதைப் படிக்கும் முன்னாடியே போய்ச் சொல்லிவிட்டு வா.

ஜனவரியில் விற்கத்தான் இருந்தேன். ஓகாலா ஆள் வந்தார். கூட ஒரே ஒருத்தன், கையில் ஒரு சாக்கு. பதினாறு அடி பாம்பை இரண்டு பேர் சாக்கில் போட்டுக்கொண்டு போக வந்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் அவளையோ தன்னையோ கொன்றுவிடுவான் என்று தோன்றியது. திருப்பி அனுப்பினேன். அதற்குள் உனக்குத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று. உண்மையைச் சொல்லி ஈஸ்டரை இழக்கணுமா என்று யோசித்தேன். வேறு ஆள் கிடைக்கும் வரைக்கும்தானே என்று ஷெட்டைப் பூட்டினேன். ஒருத்தரும் கிடைக்கவில்லை. இவ்வளவு பெரியவளை யார் வாங்குவார்கள்?

ஈஸ்டருக்கு வந்தபோது ட்ரூடி சாவியைக் கண்டுபிடித்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால் கூண்டு முன்னால் நிற்கிறாள். பார்த்தாயிற்று, இனி ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட எல்லாம் தெரிந்து இருக்கட்டும் என்று தட்டுவதையும் நிற்பதையும் சொல்லிக்கொடுத்தேன். கையை உள்ளே விட ஒரு நாளும் விடவில்லை. பெயிண்ட் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னதும் நான்தான்.

பிறகு நீ முயலை அனுப்பினாய்.

அது வந்த மறுநாளே பெர்னீஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூக்கைக் கூண்டுக் கதவின் இடுக்கில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருந்தாள். வயிறு நிறைய இரை போட்டிருந்தேன், இருந்தும் தள்ளினாள். ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மரப்பலகைச் சுவர்தான். நானும் அவளை வெளியே அனுப்ப இடம் தேடினேன். தாம்பாவுக்கு அந்தப் பக்கம் ஊர்வன வளர்க்கும் தோட்டம் ஒன்று இருக்கிறது. நாலு பேர் வைத்துக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள். நாலாவது ஆளுக்கு அலைந்துகொண்டிருந்தேன்.

பதினேழாம் தேதி மத்தியானம் பார்க்கிறேன், கூண்டின் கொண்டி ஆடுகிறது. இரண்டு திருகாணி வெளியே வந்துவிட்டது. ராத்திரி தாங்காது. வீட்டில் குழந்தை. ஹாஸ்கல் வேலைக்குப் போயிருந்தான். தனியாகத் திறக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன். கொக்கியால் இரண்டு தட்டு. மூன்று மூச்சு. எல்லாம் முறைப்படி. அதற்குப் பத்து நிமிஷம் முன்னாடி ட்ரூடி முயலை என் கையில் கொடுத்து, பிடித்துக்கொள் அப்பா, கூண்டைக் கழுவிவிட்டு வருகிறேன் என்றாள். நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டிருந்தேன். முயல் வாசனை போகக் கையைக் கழுவினேன். சட்டையை மாற்றவில்லை. இருபது வருஷம் பாம்பு வளர்த்தவன் சட்டையை மாற்றவில்லை.

பெர்னீஸ் என் வலது கையைக் கவ்வினாள். கண் மூடித் திறப்பதற்குள் மார்பைச் சுற்றி இரண்டு சுற்று. ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் இறுகும், உனக்குத் தெரியும். கூப்பிட மூச்சு இல்லை. திருகாணி டப்பா கீழே விழுந்த சத்தம் கேட்டு ட்ரூடி வந்தாள்.

அவள் கத்தவில்லை. சுவரில் நீ எழுதி ஒட்டிய தாள் இன்னும் அப்படியே இருக்கிறது. முதலில் பாட்டில், பிறகு வால், தலையை இழுக்காதே என்று நீ கொட்டை எழுத்தில் எழுதியது. அதைப் பார்த்தாள். அலமாரியிலிருந்து ஜின் பாட்டிலை எடுத்துப் பல்லால் மூடியைத் திறந்து பெர்னீஸின் வாயோரம் ஊற்றினாள். என் முகமெல்லாம் ஜின். ஓடு, ஓபலைக் கூப்பிடு என்று நான் சொல்லப் பார்த்தேன். "பேசாதப்பா, மூச்சு போயிடும்" என்றாள். பெர்னீஸ் வாயைத் தளர்த்தினாள். அப்புறம் ட்ரூடி வால் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஒரு சுற்று பிரிந்தது. அதற்குப் பிறகுதான் ஓபலிடம் ஓடினாள். ஓபல் வந்து மற்ற சுற்றையும் பிரித்தாள், பெர்னீஸைக் கூண்டில் அடைத்துக் கொண்டியை மாற்றினோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவளை உட்காரவைத்தேன். அம்மாவிடம் சொன்னால் இனிமேல் அப்பாவைப் பார்க்க விடமாட்டாங்க என்றேன். தலையாட்டினாள். என்னைக் காப்பாற்றிய குழந்தையிடம் நான் சொன்னது அதுதான். பெர்னீஸ் மேலே தப்பில்லை, பட்டன் மேலேயும் தப்பில்லை, இரண்டும் அதுஅது செய்வதைத்தான் செய்கின்றன என்றும் சொன்னேன். எழுதவே கூசுகிறது, ரொவீனா.

என் பங்கு இவ்வளவு. இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ஏப்ரலிலேயே உனக்குத் தெரியும், இல்லையா? முயல் வாசனை ஒரு வீட்டில் என்ன செய்யும் என்று இந்த ஃப்ளோரிடாவில் உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருக்க மாட்டார்கள். தெரிந்திருந்தும் ஏன் அனுப்பினாய்?

டெல்மர் க்ரௌடர்


வால்டோஸ்டா
ஜூலை 5, 1997

டெல்மருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்.

ஆமாம், தெரியும். ஸ்கேலை எடுத்துத் தட்டிய அன்றைக்கே தெரியும். உன்னைப் பிடிக்கத்தான் முயலை அனுப்பினேன். வேண்டாம் என்று நீ எழுதிய ஒவ்வொரு காரணத்துக்கும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கொண்டு வா என்று நீ எழுதியபோது, கடைசி நிமிஷத்தில் உடைந்துவிடுவான், வாசலிலாவது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். ஆறு மணி நேரம் கார் ஓட்டினேன். வழியில் நின்று திரும்பிவிடலாம் என்று ஒரு தடவை தோன்றியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். திரும்பினால் நீ ஜெயித்ததாக ஆகிவிடும். உன் வாசலில் அவளை இறக்கி, முயல் கூண்டை அவள் கையில் நானே கொடுத்துவிட்டு, உன் முகம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. நீ பொய் சொன்னாய். நான் அந்தப் பொய்யைச் சோதித்துப் பார்க்கக் குழந்தையை உள்ளே அனுப்பினேன். இதற்கு மேல் இதை நல்லபடியாகச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

உன் கடிதத்தை நீதிபதியிடம் கொடுத்தால், மே பதினாலாம் தேதி நான் எழுதியதை நீ கொடுப்பாய். கொடுக்கத்தான் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எந்த நீதிபதியும் அவளை இரண்டு பேரிடமும் விட மாட்டார். உன் கடிதம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அங்கேயே இருக்கும்.

நீ சொன்னபடி முதலில் போய் ட்ரூடியிடம் சொன்னேன். சத்தியம் முடிந்துவிட்டது என்றேன். அப்படியே என் மேல் சாய்ந்து அழுதாள். ஒரு மணி நேரம் அழுதிருப்பாள். பாட்டில் மூடி முதலில் திறக்கவே இல்லை, வால் எவ்வளவு கனம், ஜின் கண்ணில் பட்டு எரிந்தது என்று எல்லாம் சொன்னாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். எனக்குக் குழந்தை திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்புறம் கேட்டாள். "பெர்னீஸ் மேல தப்பில்ல, பட்டன் மேலயும் தப்பில்லன்னு அப்பா சொன்னாரு. அப்ப யார் மேலம்மா?"

அப்பா மேலதான் என்பது என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை வருஷம் சொல்லிப் பழகிய பதில். அந்தக் கை வெடித்திருந்ததைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. அப்பா பொய் சொன்னாரு, அம்மாவுக்கு அது பொய்யின்னு தெரியும், அப்பாவைக் கண்டுபிடிக்கத்தான் பட்டனைக் கூட அனுப்பினேன் என்று சொல்லிவிட்டேன்.

என் மடியிலிருந்து எழுந்தாள். "தெரிஞ்சேதான் என்னை அனுப்பினியா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. சரியாகக் கேட்டோமா என்று பார்க்கிற மாதிரி கேட்டாள். ஆமாம் என்றேன்.

ட்ரூடி இப்போது பேசுகிறாள். லெனார்டிடம் பேசுகிறாள், எதிர்வீட்டுப் பெண்ணிடம் பேசுகிறாள், பட்டனை மடியில் வைத்துக்கொண்டு அவனிடம்கூடப் பேசுகிறாள். என்னிடம் மட்டும் பேசுவதில்லை. இன்று மூன்றாம் நாள்.

பெர்னீஸைத் தாம்பாவுக்குக் கொண்டுபோகப் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை வருகிறோம். நீ, ஹாஸ்கல், நான், லெனார்ட், நாலு பேர் ஆயிற்று. லெனார்ட் மண்புழுவைக் கண்டாலே நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர். வாலை நான் பிடிக்கிறேன் என்று அவராகச் சொன்னார். தலையை நான் பிடிக்கிறேன், உன் கை ஆறியிருக்காது. அதற்குள் பெர்னீஸுக்கு இரை போடாதே. நாங்கள் தூக்கி வண்டியில் ஏற்றும் வரை ட்ரூடி ஓபல் வீட்டில் இருக்கட்டும். முயலை இங்கே எதிர்வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம்.

பெர்னீஸ் போன பிறகு மீதி வாரங்களை அப்பாவோடு இருக்கலாமா என்று ட்ரூடி லெனார்டிடம் கேட்டிருக்கிறாள், என்னிடம் கேட்டுச் சொல்லும்படி. சரி என்று லெனார்டிடமே சொல்லியனுப்பினேன்.

அவள் பின்சீட்டில் உட்கார்ந்து வருவாள். ஆறு மணி நேரம். என்னிடம் எது கேட்டாலும் மறைக்காமல் சொல்வதென்று இருக்கிறேன். கேட்பாளா என்று தெரியவில்லை.

ரொவீனா